பழைய ஸ்பீடு போட் வாங்குமுன்: அமரத்திலிருந்து தொடங்குங்கள்

கொல்லத்தில் அஷ்டமுடிக் காயல் கரையில் ஒரு 19 அடி ஃபைபர் ஸ்பீடு போட் விலைக்கு வந்திருக்கிறது. பின்னால் வெளியே தொங்கும் 60 எச்.பி. நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின், 8 வருஷப் பழசு. "அதிகம் ஓடாத வண்டி" என்கிறார் தரகர். பூவாறு காயலிலும் தேங்காப்பட்டணம் பக்கமும் குடும்பத்தோடு போய்வர இதை வாங்கலாமா, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று மார்த்தாண்டத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கரையில் ஃபைபர் வேலையும் எஞ்சின் வேலையும் பார்ப்பவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தரகர் நல்ல செய்தியாகச் சொன்னதிலிருந்தே எனக்குச் சந்தேகம் தொடங்குகிறது. அதிகம் ஓடாத கார் நல்ல கார். ஆனால் அதிகம் ஓடாத படகு அப்படி இல்லை. உப்புத் தண்ணீரில் ஓடிவிட்டு அப்படியே கட்டிப்போட்ட எஞ்சினில், குளிர்விக்கும் நீர் போகும் வழியெல்லாம் உப்பு உறைந்து கல்லாகும். தண்ணீரை இழுக்கும் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் ஒரே நிலையில் வளைந்து கிடந்து அந்த வளைவிலேயே விறைத்துவிடும். டாங்கில் இருக்கும் பெட்ரோல் கெடும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வருஷத்தில் பல மாதம் மழை ஊற்றுகிற ஊரில், மூடாமல் கிடக்கும் படகின் தரைக்குள் ஒவ்வொரு ஆணித் துளை வழியாகவும் தண்ணீர் இறங்கும். 2020, 2021 ஊரடங்கில் கேரளக் காயல்கரை ரிசார்ட்டுகளின் படகுகள் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தன. 8 வருஷப் படகு என்றால் அந்தக் காலத்தைக் கடந்து வந்ததுதான். தினமும் ஓடி, தினமும் நல்ல தண்ணீரில் கழுவப்பட்ட ரிசார்ட் படகா, ஆசைக்கு வாங்கி ஒரு சீசன் ஓட்டிவிட்டுத் தென்னையில் கட்டிப்போட்ட வீட்டுப் படகா என்று கேட்டால், நான் முன்னதைத்தான் எடுப்பேன்.

எனவே முதலில் உரிமையாளரைப் பார்க்கும் முன் அந்த ஜெட்டியில் படகு ஓட்டுகிற ஸ்ராங்கு, டிரைவர்களோடு ஒரு சாயா குடியுங்கள். எந்தப் படகு எத்தனை மாதம் கிடந்தது, எது ஒரு தடவை மூழ்கி எழுந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

சரி, படகுக்கு வருவோம். எல்லோரும் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், நின்று பார்ப்பார்கள். சாய்ந்த மூக்கும் பளபளக்கும் பெயிண்டும் அங்கேதான் இருக்கும். நீங்கள் நேராக அமரத்துக்கு, அதாவது பின்பக்கத்துக்குப் போங்கள். எஞ்சின் தொங்கும் பின்பலகை, அதாவது டிரான்சம், இந்தப் படகின் விலையைத் தீர்மானிக்கிற இடம். வெளியே பார்த்தால் ஃபைபர். ஆனால் பெரும்பாலான படகுகளில் உள்ளே பிளைவுட் பலகை வைத்து இரண்டு பக்கமும் கண்ணாடியிழை விரிப்பான மேட்டும், அதை ஒட்டும் பிசினான ரெசினும் போட்டிருப்பார்கள். 60 எச்.பி. எஞ்சின் 100 கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த எடையும், ஓடும்போது அது கொடுக்கும் தள்ளும் விசையும் முழுக்க இந்தப் பலகையில்தான் இறங்குகிறது. எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட் துளை, தண்ணீர் வடியும் பிளக் துளை, மீன்பார்க்கும் கருவியின் சென்சாரைப் பொருத்திய ஸ்குரூ என ஏதாவது ஒன்றில் சீலன்ட் விட்டுப்போனால் போதும். தண்ணீர் உள்ளே போய் பிளைவுட் ஊறும், பிறகு மக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

சோதிக்கும் விதம் இது. படகு கரையில் இருக்கும்போது எஞ்சினைப் பாதி தூக்கிவைத்து, அதன் கீழ்ப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் அழுத்தி ஆட்டுங்கள். கூட வந்தவர் டிரான்சத்தின் மேல் விளிம்பையும், அது பக்கச் சுவரோடு சேரும் மூலையையும் பார்க்கட்டும். பலகை எஞ்சினோடு சேர்ந்து வளைந்து கொடுத்தாலோ, மூலையில் மயிரிழை விரிசல் திறந்து மூடினாலோ, அன்றைக்கு வேறு எதையும் பார்க்க வேண்டாம். வளையவில்லை என்றால் அடுத்து ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியலோ ஸ்குரூடிரைவரின் கைப்பிடியோ எடுத்து மேலிருந்து கீழே வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கெட்டிச் சத்தம் வரும். ஊறிய இடத்தில் தொப்பென்று செத்த சத்தம். காது பழகக் கொஞ்ச நேரம் ஆகும். முதலில் நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு மேல் மூலையில் தட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம் உரிமையாளர் சம்மதித்தால் ஒரு ஸ்குரூவைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, சென்சாரைப் பிடித்திருக்கும் ஸ்குரூ இதற்கு நல்லது. போன வருஷம் பரவூர்ப் பக்கம் ஒரு நண்பருக்காகப் பார்க்கப் போன படகு தட்டலில் தேறிவிட்டது. புதிதாக அடித்த வெள்ளை பெயிண்ட், சத்தமும் பரவாயில்லை. அந்த ஸ்குரூவைத் திருகி வெளியே எடுத்ததும் துளையிலிருந்து கட்டஞ்சாயா (பால் விடாத டீ) நிறத்தில் ஒரு சொட்டுத் திரண்டது. அது வழிந்து இறங்க, பின்னாலேயே இன்னொன்று. ஸ்குரூவின் மரையில் கறுத்த மரத்தூள் ஈரமாக ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தால் சேறு போல நசுங்கியது. படகு தண்ணீரிலிருந்து ஏறி மூன்று வாரமாகிறது என்று உரிமையாளரே சொல்லியிருந்தார். மூன்று வாரத்துக்குப் பிறகும் உள்ளே ஊற்று இருக்கிறது என்றால் பலகையில் எவ்வளவு மிச்சமிருக்கும்? நண்பர் அட்வான்ஸ் பையோடு திரும்பினார். கழற்றிய ஸ்குரூவை மறக்காமல் சீலன்ட் வைத்துத் திரும்ப முடுக்கிவிடுங்கள், அது அடுத்தவர் படகு.

டிரான்சத்தை மாற்ற முடியாதா என்றால் முடியும். எஞ்சினை இறக்கி, உள்பக்க ஃபைபரை வெட்டி, மக்கிய மரத்தைச் சுரண்டி, புதுப் பலகை வைத்து, அதன் மேல் ஃபைபர் அடுக்குகளை ஒட்டித் திரும்ப லேமினேட் செய்ய வேண்டும். கூலியும் ரெசினும் சேர்ந்து பழைய உடலின் விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அதனால்தான் எஞ்சினைவிட இதை முன்னால் வைக்கிறேன். எஞ்சினை நாளைக்கு இறக்கிவிட்டு வேறு மாட்டலாம்.

அமரம் தேறினால் தரை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஒவ்வொரு அடியாக அழுத்தி நடங்கள். சீட்டைச் சுற்றியும், தரையைத் திறக்கும் மூடிகளைச் சுற்றியும் குதிகாலால் அமுக்குங்கள். மெத்தென்று இறங்கும் இடத்துக்குக் கீழே பிளைவுட் போயிருக்கிறது. தரை மட்டும் என்றால் வேலை சின்னது. தரையைத் தாங்கும் நீளச் சட்டங்கள், நாங்கள் ஸ்டிரிங்கர் என்போம், அவையும் மரமாக இருந்து ஊறியிருந்தால் படகின் முதுகெலும்பே போச்சு. தரைக்குக் கீழே தண்ணீர் தேங்கும் அடிப்பகுதியான பில்ஜுக்குள் டார்ச் அடித்து, எட்டும் மட்டும் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள்.

தரைக்கு அடியில் மிதப்புக்காக ஃபோம் ஊற்றியிருப்பார்கள். மூழ்காமல் காப்பாற்ற வைத்த அந்த ஃபோமே வருஷக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெயிலில் ஒரு மாதம் போட்டாலும் காயாது. இதைக் கண்டுபிடிக்க நம் ஊரில் ஒரு சுலப வழி உண்டு. எப்படியும் படகை லாரியிலோ டிரெய்லரிலோதான் கொண்டுவரப் போகிறீர்கள். வழியில் ஏதாவது எடைமேடையில் ஏற்றி எடை போடுங்கள். வண்டியின் வெறும் எடை, எஞ்சின், பேட்டரி, டாங்கில் இருக்கும் பெட்ரோல் எல்லாவற்றையும் கழித்தால் உடலின் எடை வரும். பெட்ரோல் ஒரு லிட்டருக்கு முக்கால் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய யார்டில் அந்த மாடலின் எடையைக் கேட்டு ஒப்பிட வேண்டியதுதான். எடைமேடை அஞ்சு, பத்து கிலோவுக்குத் துல்லியம் பேசாது. ஆனால் 150 கிலோ கூடுதல் வந்தால் அது பெரும்பாலும் தண்ணீர்தான். பணம் முழுக்கக் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

படகின் அடிப்பாகத்தைக் குனிந்து அல்ல, படுத்துப் பாருங்கள். மூலைகளில் சிலந்திவலை போல மெல்லிய விரிசல் இருந்தால் பெரும்பாலும் மேல்பூச்சான ஜெல்கோட்டோடு முடிந்துவிடும், பயப்பட வேண்டாம். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் நாலாபக்கமும் ஓடும் விரிசல் அடி வாங்கிய அடையாளம், அதற்கு நேர் உள்பக்கம் பார்க்க வேண்டும். கொப்புளங்கள் இருந்தால் ஒன்றை ஊசியால் குத்திப் பாருங்கள். புளித்த வாடையோடு திரவம் வந்தால் தண்ணீர் ஜெல்கோட்டைத் தாண்டி லேமினேட்டுக்குள் போயிருக்கிறது. இரண்டு மூன்று கொப்புளம் என்றால் விலையைக் குறைக்கலாம். அம்மைபோல் அடி முழுக்க என்றால் விட்டுவிடலாம்.

வெளியே எவ்வளவு அழகாகப் பூசினாலும் உள்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். பில்ஜுக்குள் ஒரு இடத்தில் மட்டும் மேட்டின் நெசவு வேறு மாதிரி, ரெசின் புதுப் பளபளப்பு, கொஞ்சம் வாடையும் மிச்சமிருந்தால் அங்கே ஓட்டை அடைக்கப்பட்டிருக்கிறது. அடைத்தது தப்பில்லை. ஏன் என்று கேளுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கடற்கரை மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூர், ஆரன்முளை, பந்தளம் என்று போய் ஆயிரக்கணக்கான பேரை மீட்டார்கள். வீட்டு மதிலிலும் கேட்டுக் கம்பியிலும் மோதி அடிபட்ட படகுகள் நிறைய. உங்கள் படகும் அதில் போயிருந்தால் அது பெருமைக்குரிய காயம்தான், ஆனாலும் காயம் எப்படி ஆற்றப்பட்டது என்று பார்க்க வேண்டும். அந்த வெள்ளத்தில் கரையோரம் கட்டிக் கிடந்து எஞ்சினோடு மூழ்கிய படகுகள் இன்னொரு வகை. அதைக் கண்டுபிடிக்க எஞ்சின் மூடியைத் திறந்து ஃபிளைவீல் கவருக்குக் கீழேயும், ஒயர் கனெக்டர்களுக்குள்ளும், ஸ்டார்ட்டர் மோட்டாரின் பின்பக்கத்திலும் மெல்லிய வண்டல் படிந்திருக்கிறதா பாருங்கள். எவ்வளவு கழுவினாலும் அந்த இடங்களில் கொஞ்சம் தங்கிவிடும்.

இனி எஞ்சின். நீங்கள் போகும் முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் அன்று பார்க்காமல் வந்துவிடுங்கள். மூடியைத் திறந்ததும் சிலிண்டர் ஹெட்டில் கை வையுங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பற்றுகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஹெட்டைச் சுற்றி பெயிண்ட் நிறம் மாறியிருந்தாலோ பொரிந்திருந்தாலோ ஒருமுறையாவது அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. இணைப்புகளில் வெள்ளைப் பொடி கசிந்து காய்ந்திருந்தால் உள்ளிருந்து உப்புத் தண்ணீர் வெளியே வருகிறது. போல்ட் தலைகளில் பெயிண்ட் உரிந்து ஸ்பானர் தடம் இருந்தால் எஞ்சின் திறக்கப்பட்டிருக்கிறது. மொத்த எஞ்சினுக்கும் புது ஸ்ப்ரே பெயிண்ட் அடித்திருந்தால் எதை மறைக்க என்று நேராகவே கேட்டுவிடுவேன்.

காம்பிரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எழும் அழுத்தம், பார்க்காமல் விலை பேசாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து, நல்ல பேட்டரியில் சுழற்ற வேண்டும். கேஜில் வரும் எண் மாடலுக்கு மாடல் மாறும், அதைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். 10 சதவீதத்துக்குள் என்றால் நிம்மதி. மற்றவை ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் கீழே கிடந்தால் அந்த எஞ்சின் உங்கள் காசில் ஓவராலுக்குப் போகப் போகிறது. கழற்றிய பிளக்குகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் ஆவியில் கழுவினதுபோல் சுத்தமாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

பிறகு கீழே உள்ள கியர் ஆயில். அடி ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு கரண்டி அளவு வடியவிட்டால் போதும். பாலூற்றின நிறத்தில் வந்தால் சீல் போய் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயிலுக்கு முன்னால் வெறும் தண்ணீரே வந்தால் ரொம்ப நாளாகக் கலந்துகொண்டிருக்கிறது. ஸ்குரூவின் நுனிக் காந்தத்தில் மெல்லிய பசை மாதிரி ஒட்டியிருப்பது இயல்பு, துண்டு துண்டாக இரும்புச் சில்லு இருந்தால் கியர் தேய்கிறது. புரொப்பல்லரைக் கழற்றி அதன் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். காயலில் தூண்டில்காரர்கள் அதிகம், அந்த நரம்புதான் சீலை அறுக்கிறது.

எஞ்சினில் பொருத்திய ஜிங்க் கட்டிகளையும் கவனியுங்கள். எஞ்சினை உப்பு அரிப்பதற்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுப்பது அதன் வேலை. பாதி கரைந்திருந்தால் அது சந்தோஷமான காட்சி. முழுக்கக் கரைந்து போல்ட் மட்டும் நின்றால் பராமரிப்பு இல்லை. பழைய எஞ்சினில் கரையாமல் முழுசாக இருந்தால், புதிதாக மாற்றியதா, அல்லது யாரோ புத்திசாலி அதன் மேலும் பெயிண்ட் அடித்துவிட்டாரா என்று சுரண்டிப் பார்க்க வேண்டும்.

கரையில் ஹோஸ் வைத்து ஸ்டார்ட் செய்து காட்டுவது சோதனை ஆகாது. சுமையில்லாத எஞ்சின் எல்லாமே இனிமையாகத்தான் பாடும். தண்ணீரில் இறக்க மறுக்கிற ஆளிடம் படகு வாங்க வேண்டாம். இறக்கியதும் எஞ்சினை ஆன் செய்வதற்கு முன் படகு எப்படி மிதக்கிறது என்று கரையில் நின்று பாருங்கள். உடலில் பாசி படிந்த பழைய கோட்டுக்கு மேலே தண்ணீர் ஏறும்படி அமரம் தாழ்ந்து நின்றால், மேலே சொன்ன ஃபோம் விவகாரம் மறுபடி வருகிறது.

சாவியைத் திருப்பும்போது பெரும்பாலான எஞ்சின்களில் ஒரு பீப் வரும். சூடு ஏறினாலோ ஆயில் குறைந்தாலோ எச்சரிக்கும் பஸ்ஸர் அது. சத்தமே வரவில்லை என்றால், தொல்லை தாங்காமல் யாரோ அதை அறுத்துவிட்டிருக்கலாம். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகக் கூடாது. கையில் மாட்டும் கில் ஸ்விட்ச் கயிற்றை இழுத்தால் உடனே நிற்க வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பின்னால் பீய்ச்சும் நீர்த்தாரையைப் பாருங்கள். பலமாக வர வேண்டும், கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். மெலிந்து வந்தால் சில சமயம் அந்தக் குழாயில் சேறோ பூச்சிக்கூடோ அடைத்திருக்கும், ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினால் சரியாகிவிடும். குத்தியும் சரியாகவில்லை என்றால் இம்பெல்லர். அது சின்னச் செலவு. இம்பெல்லர் புதிதாக இருந்தும் சூடேறினால் உள்வழிகளில் உப்பு, அது சின்னச் செலவு இல்லை.

குறைந்தது அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், நீங்கள் வழக்கமாக ஏற்றப்போகிற ஆள் எண்ணிக்கையோடு. முழுத் திராட்டிலில் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம் தொடுகிறது என்பது மிக முக்கியம். இந்த அளவு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பொதுவாக 5000க்கும் 6000க்கும் இடையில் எட்ட வேண்டும், சரியான எண் அதன் கையேட்டில் இருக்கும். 4500லேயே மூச்சுத் திணறினால் எஞ்சின் களைத்திருக்கிறது, அல்லது புரொப்பல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரக் கணக்கு) அதிகம், அல்லது படகு தண்ணீர் குடித்துக் கனத்திருக்கிறது. பிட்ச் ஒரு அங்குலம் மாறினால் 150 முதல் 200 ஆர்பிஎம் மாறும், அதை வைத்துக் கணக்குப் போடலாம். காம்பிரஷன் நன்றாக இருந்து, பிட்சும் சரியாக இருந்தால் மிச்சம் எது என்று உங்களுக்கே தெரியும். ஆர்பிஎம் எகிறி வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் புரொப்பல்லரின் நடு ரப்பர் வழுக்குகிறது. வேகத்தில் கியர் தானாகக் கழன்று பாய்ந்தால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது.

ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கிடந்த படகுகளில் கேபிள் உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கும். இதை எண்ணெய் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்பார்கள், போட்டாலும் நிலைக்காது, கேபிளை மாற்ற வேண்டும். வேகத்தில் ஸ்டீயரிங் இறுகினால் அது செலவுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. திரும்பி வந்ததும் பில்ஜைத் திறந்து புதிதாகத் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். ஒயர்களைப் பொறுத்தவரை ஒரு முனையைச் சீவிப் பார்த்தால் போதும். உள்ளே செம்பு கறுத்துப் பச்சைப் பூத்திருந்தால் வீட்டு ஒயரைப் போட்டிருக்கிறார்கள், மொத்தமாக மாற்றுவதாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. உங்கள் படகின் வயதுள்ள அவுட்போர்டு எஞ்சின்களுக்கு 10 சதவீதம் வரைதான் சரி என்று கம்பெனிகள் கையேட்டில் போட்டிருக்கின்றன. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காயல்கரையில் மாதக்கணக்கில் கிடக்கும் டாங்கில், ஒரு அளவுக்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். எஞ்சின் இழுக்கும் குழாயும் அடியிலிருந்துதானே இழுக்கிறது! கார் டாங்க் வாரத்துக்கு ஒருமுறை காலியாகி நிரம்புவதால் அங்கே இது பெரிதாகத் தெரிவதில்லை. டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து அசையாமல் வையுங்கள், இரண்டு அடுக்காகப் பிரிந்தால் டாங்கைக் காலி செய்து கழுவாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். பழைய எரிபொருள் குழாய்களையும் கையால் அமுக்கும் ரப்பர் பல்பையும் மாற்றிவிடுங்கள். தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர் இல்லையென்றால் முதல் செலவாக அதை வையுங்கள்.

நீங்கள் பார்ப்பது அவுட்போர்டு என்பதால் உள்ளே எஞ்சின் வைத்த படகுகளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கி நிற்கும். அதை ஊதி வெளியேற்றும் புளோயர் வேலை செய்யாத, கார் ஸ்டார்ட்டரும் கார் ஆல்டர்னேட்டரும் மாட்டிய படகில் ஏறக்கூட வேண்டாம். படகுக்கான பாகங்கள் தீப்பொறி வெளியே தெறிக்காதபடி செய்யப்பட்டவை, கார் பாகங்கள் அப்படி அல்ல.

காகிதங்களைப் பலர் கடைசியில் பார்க்கிறார்கள். 1917ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம் 2021இல் வந்திருக்கிறது. பதிவுச் சான்று, சர்வே சான்று, காப்பீடு மூன்றையும் மூலப்பிரதியாகப் பாருங்கள். கேரளத்தில் இது மாரிடைம் போர்டின் கையில். படகு பதிவான துறைமுக அலுவலகத்துக்கு நேரில் போய் எண்ணைச் சரிபார்த்து, பெயர் மாற்றத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்த பிறகே அட்வான்ஸ். எஞ்சினின் சீரியல் எண்ணையும் பில்லோடு ஒத்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய எஞ்சின் என்றால் சுங்க ரசீது கேளுங்கள்.

முக்கியமாக, மீன்பிடி வள்ளமாகப் பிறந்து பிறகு சீட்டும் கூரையும் மாட்டி உல்லாசப் படகாக மாற்றப்பட்டதா என்று பதிவில் பாருங்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்து 22 பேர் இறந்த படகு அப்படி மாற்றப்பட்டதுதான், அளவுக்கு மீறி ஆளும் ஏற்றியிருந்தார்கள். வலையும் மீனும் தாழ்வாக ஏற்றுவதற்குக் கட்டிய உடலின் மேல் ஆட்களை உயரத்தில் உட்காரவைத்தால் நிலைகொள்ளும் தன்மையே மாறிவிடும். உங்கள் 19 அடிப் படகில்கூடப் பின்னாளில் ஒருவர் இரும்புக் குழாயில் கூரை போட்டிருந்தால் அதைக் கழற்றச் சொல்வேன்.

கடைசியாக, நீங்கள் ஓட்டப்போகும் இடம். பூவாறு காயலுக்கு இந்தப் படகு தாராளம். சேறும் குளவாழையும் (ஆகாயத்தாமரை) எஞ்சின் தண்ணீர் உறிஞ்சும் வாயை அடைக்கும், நீர்த்தாரையில் ஒரு கண் இருந்தால் போதும். தேங்காப்பட்டணத்தில் ஆற்றுக்குள் ஓட்டுங்கள், முகத்துவாரத்தைத் தாண்டாதீர்கள். அங்கே அலை எழும்பும் விதத்தில் கடலே தொழிலான மீனவர்களே உயிரிழந்திருக்கிறார்கள், காயலுக்காகக் கட்டிய தட்டை அடிப் படகுக்கு அங்கே வேலையில்லை. இன்னொன்று, பூவாற்றிலிருந்து இந்தப் பக்கம் தண்ணீர் வழியே வந்துவிடலாம் என்று நினைத்திருந்தால் அதுவும் நடக்காது. அதற்காக ராஜா காலத்தில் வெட்டிய ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய் தூர்ந்துபோய்ப் பல வருஷமாகிறது. இரண்டு இடத்திலும் ஓட்ட வேண்டுமென்றால் டிரெய்லரும் விலையில் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் அதன் பேரிங்குகளைச் சுழற்றிப் பாருங்கள், உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறி அவைதான் முதலில் போகும்.

விலை பேசும்போது இம்பெல்லர், பேட்டரி, ஒயர், ஸ்டீயரிங் கேபிள், சீட் துணி, பில்ஜ் பம்பு இவற்றின் கணக்கைப் போட்டுக் கழியுங்கள். கியர் ஆயிலில் தண்ணீர் என்றால் ஒரு மெக்கானிக்கின் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கிக் கழியுங்கள். டிரான்சம், ஸ்டிரிங்கர், காம்பிரஷன் மூன்றில் ஒன்று போயிருந்தாலும் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். உங்கள் தரகர் "நாளைக்கு வேறு பார்ட்டி வருது" என்று அவசரப்படுத்தினால் வரட்டும் என்று விட்டுவிடுங்கள். ஜூனில் மழை பிடித்தால் காயல் ஓட்டம் குறையும், விற்க வேண்டியவர்கள் அப்போதும் இருப்பார்கள். மழையில் நனைந்த படகில் ஒழுகும் இடமும் தானாகவே தெரியும், விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.